நல்லூரில் ஒரு பழைய வீடு வாங்கப் போய் நான் பட்டது

வயது போனவர்களிடம் வீடோ காணியோ வாங்க நினைத்திருப்பவர்கள் இதை முழுக்க வாசியுங்கள். 2021 செப்டம்பரில் நான் 20 லட்சம் ரூபாய் முற்பணம் கொடுத்தேன். வீட்டின் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், என் பெயருக்கு வந்தது 2023 நவம்பரில். இடையில் போன இரண்டு வருடத்தில் நித்திரை இல்லாத இரவுகள் எத்தனை என்று எண்ணவில்லை. யாருடனும் இதைக் கதைக்கவும் முடியவில்லை. வீட்டில் சொன்னால் மனைவி பயந்துவிடுவாள், வெளியில் சொன்னால் "ஏமாந்துட்டியா" என்பார்கள். யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

கட்டாரில் 11 வருடம் வேலை செய்து சேர்த்த காசு என்னிடம் இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு வளவு வாங்கி, பின்பக்கத்தில் ஆறு அறை கட்டி மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவது என் திட்டம். தரகர் ஒருவர் நல்லூரில் ஒரு வீட்டைக் காட்டினார். எங்கள் ஊர்க் காணி அளவில் 3 பரப்பும் சில குழியும். முன்னால் விறாந்தை வைத்த பழைய ஓட்டு வீடு, பின்னால் இரண்டு அறையோடு பத்தி ஒன்று (சின்னச் சார்ப்பு வீடு), கிணற்றடியில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். விலை 1 கோடி 20 லட்சம். வீட்டுக்காரி 75 வயது அம்மா. பிள்ளைகளில் ஒரு மகன் ரொறன்ரோவில், மகள் லண்டனில். பத்தியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வாடகைக்கு இருந்தார். "அவர் எழும்பிடுவார், அது பிரச்சினையில்லை" என்றார் தரகர்.

நான் கண்ணை மூடிக்கொண்டு போய் விழுந்தவன் அல்ல. உறுதியை வாங்கிப் பார்த்தேன். 1968 இல் அம்மாவுக்குச் சீதனமாக எழுதிய உறுதி. காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடிப் பார்த்தேன், ஈடும் இல்லை, ஒற்றியும் இல்லை. பிரிபடாத பங்கு ஏதும் கிடக்கிறதா, தேசவழமை என்ற யாழ்ப்பாண வழமைச் சட்டப்படி முதலில் வாங்கும் உரிமை உள்ள பங்காளி யாரும் இருக்கிறார்களா என்றும் விசாரித்தேன். அப்படி ஒருவரும் இல்லை. சேவையரைக் கூட்டிப்போய் அளந்தேன். "கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்" என்று உறுதியில் இருந்ததால் பக்கத்து வளவுக்காரரோடும் கதைத்தேன். காகிதம் எல்லாம் சரி. ஆனால் அம்மா, அவருடைய கணவர், பத்தியில் இருந்த ஆசிரியர், அவர் மனைவி என்று அந்த வீட்டில் இருந்த நான்கு பெரியவர்களில் ஒருவரோடும் நான் இருந்து கதைக்கவில்லை. எல்லாப் பிழையும் அங்கேதான் தொடங்கியது.

முதல் தடவை போனபோது அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நான் விலையைப் பற்றிக் கேட்டதும், "மகனோட கதையுங்கோ தம்பி, அவன் சொன்னாச் சரி" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. மகனோடு வாட்ஸ்அப்பில் கதைப்பது சுலபம், அவர் என் வயதுக்காரர், கணக்கு வழக்குத் தெரிந்தவர். இரண்டு கிழமைக்குள் எல்லாம் பேசி முடித்தோம். ஆறு மாதத் தவணையில் விற்பனை உடன்படிக்கை எழுதினோம். தரகர் கூட்டிவந்த நொத்தாரிசு எழுதினார், அம்மா கையெழுத்து வைத்தார். அம்மாவின் வங்கிக் கணக்கு கனகாலமாகப் பாவிக்காமல் கிடக்கிறது என்று சொல்லி, முற்பணத்தை மகன் சொன்ன கணக்கில் போடச் சொன்னார்கள். போட்டேன். அந்த உடன்படிக்கையைக் காணிப் பதிவகத்தில் பதியவைத்தது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம். பதியாமல் விட்டிருந்தால், பின்னால் இன்னொருவர் வந்து வாங்கித் தன் உறுதியை முதலில் பதிந்திருந்தால் நான் நடுத்தெருவில் நின்றிருப்பேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். உறுதி யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய சொந்தக் கணக்கில்தான் காசு போக வேண்டும். கணக்கு இல்லையென்றால் நீங்களே ஓட்டோ பிடித்து அவரை வங்கிக்குக் கூட்டிப்போய் ஒரு கணக்குத் திறந்து கொடுங்கள். அரை நாள் போகும், அவ்வளவுதான். வங்கியில் வரிசையில் இருக்கும் அந்த அரை நாளில் அவர் உங்களோடு என்ன கதைக்கிறார் என்பதும் உங்களுக்குத் தேவைப்படும்.

2022 பெப்ரவரியில் உறுதி எழுதுவதற்காக நானே ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவர் உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "கணவர் உயிரோட இருக்கிறாரா?" இருக்கிறார், பாரிசவாதம் வந்து நாலு வருடமாகப் படுக்கையில் என்றேன். "அப்ப அவரின்ர சம்மதம் எங்கே?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீடு அம்மாவின் சீதனம்தானே என்றேன். சீதனமாக இருந்தாலும், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று விளக்கினார். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிற ஏற்பாடு அது. இது சரியா பிழையா என்று எனக்கும் ஒரு கருத்து உண்டு. தன் தகப்பன் எழுதித் தந்த காணியை விற்க ஒரு பெண் இன்னொருவரின் கையெழுத்துக்குக் காத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது, அந்தச் சம்மதம் இல்லாத உறுதி நிற்காது. தரகருக்கு இது தெரிந்திருக்கும். உடன்படிக்கை எழுதியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அம்மாவின் கணவரான ஐயாவின் அறைக்குள் அன்றுதான் முதன்முறையாகப் போனேன். அவருக்கு 81 வயது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சு இல்லை. ஆனால் கண் தெளிவாக இருந்தது. அம்மா அவர் காதுக்குக் கிட்டக் குனிந்து, "வீட்டுப் பேப்பருக்கு உங்கட கைநாட்டு வேணுமாம்" என்றார். ஐயா என்னைப் பார்த்தார். பிறகு இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அம்மா மெதுவாகக் கையை வெளியில் எடுக்கப் பார்த்தார். அவர் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்கள் வெளிறிப் போகிற அளவுக்கு இறுக்கம். நான் ஒன்றும் சொல்லாமல் வெளியில் வந்துவிட்டேன்.

படலையடியில் வைத்துத் தரகர் சொன்னார்: "மனுசன் மத்தியானம் நல்லா நித்திரை கொள்ளுவார். அந்த நேரம் பெருவிரலை வைச்சு எடுத்தாச் சரி, ஆரும் கேக்கப் போறதில்லை." ரொறன்ரோ மகனும் போனில் அதையே வேறு விதமாகச் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், அன்றிரவு முழுக்க நான் அதைப் பற்றி யோசித்தேன். 20 லட்சம் போய் மாட்டிக்கொண்ட மனிதனின் மூளை எப்படியெல்லாம் வேலை செய்யும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. விடியற்காலையில் என் அப்பாவின் ஞாபகம் வந்தது. அவரும் கடைசி மூன்று மாதம் அப்படித்தான் கிடந்தார். காலையில் தரகருக்கு எடுத்து, இனி என் விஷயமாக அந்த வீட்டுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கணவர் சம்மதம் தர இயலாத நிலையில் இருந்தாலோ, நியாயமில்லாமல் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி எடுக்க வழி இருக்கிறது. ஆனால் சட்டத்தரணி என்னிடம் கேட்டார், "அவரால ஏலாதா, அல்லது அவருக்கு விருப்பமில்லையா? விருப்பமில்லை எண்டால் ஏன் எண்டு ஆராவது கேட்டீங்களா?" ஒருவரும் கேட்கவில்லை. இந்தக் கேள்வியின் பெறுமதி எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை, தெரிய இன்னும் நாலு மாதம் பிடித்தது.

அந்தப் பக்கம் முட்டிக்கொண்டு நின்றதால், வாடகையாளரையாவது எழுப்பிவிடலாம் என்று நினைத்தேன். இது என் இரண்டாவது பெரிய பிழை. அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாத வாடகை 1,500 ரூபாய், எழுத்தில் ஒன்றும் இல்லை. நான் நேரில் போய் ஒரு வார்த்தை கதைக்காமல், அம்மாவின் பெயரில் சட்டத்தரணிக் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பவைத்தேன். மூன்று மாதத்துக்குள் வெளியேற வேண்டும் என்று. கடிதம் கிடைத்த மாதத்திலிருந்து மாஸ்டர் வாடகையை அம்மாவின் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டு மாநகரசபையில் கட்டத் தொடங்கினார். வாடகைச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தார், ஆகவே நிலுவை, ஆகவே வெளியேறு என்ற பேச்சுக்கே அதோடு இடமில்லாமல் போய்விடும். 30 வருடம் கணிதம் படிப்பித்த மனிதர், சட்டத்தையும் வாசித்து வைத்திருந்தார்.

பிறகுதான் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். மாஸ்டர் அந்தப் பத்திக்கு வந்தது 1977 இல், கல்யாணம் முடித்த கையோடு. 1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் எல்லோரையும் போலத் தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருடம் அதே பத்திக்குத் திரும்பி வந்திருக்கிறார். 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் இப்படிப்பட்ட பழைய வாடகையாளருக்குப் பலமான பாதுகாப்புக் கொடுக்கிறது. அதிலும் முக்கியமான ஒன்று: வாடகையாளர் குடிவந்த பிறகு வீட்டை விலைக்கு வாங்கியவர், "எனக்கு இருக்க வீடு தேவை" என்ற காரணத்தைச் சொல்லி அவரை எழுப்ப வழக்குப் போட முடியாது. அதாவது நான் உறுதி எழுதி முடித்திருந்தாலும் மாஸ்டர் அங்கேயேதான் இருந்திருப்பார். ஆகவே பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள், வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எந்த ஆண்டு வந்தவர் என்று கேளுங்கள். சோலைவரி (வீட்டுக்கு மாநகரசபை அறவிடும் வரி) பற்றுச்சீட்டையும் பாருங்கள், அங்கே இருப்பவரின் வாக்காளர் பதிவையும் பாருங்கள். தரகர் "எழும்பிடுவார்" என்று சொன்னால், அவரையும் வைத்துக்கொண்டு வாடகையாளரின் முகத்துக்கு நேரே அதே வசனத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.

இந்த நேரம் நாடே சரிந்தது. 2022 மார்ச்சில் ரூபாய் விழத் தொடங்கியது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. நான் அறை கட்டக் கணக்குப் போட்டபோது 1,000 ரூபாய்ச் சொச்சமாக இருந்த சீமெந்துப் பை 3,000 ஆனது. என் காசை வங்கியில் வைத்திருந்தால் 20 வீதத்துக்கு மேல் வட்டி வந்திருக்கும். உடன்படிக்கைத் தவணையும் முடிந்தது. முற்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மகன் பதில் போடவில்லை. கடைசியில் அம்மாவிடமே போய், வெட்கத்தை விட்டு, "அம்மா, அந்த 20 லட்சத்தை..." என்று தொடங்கினேன்.

"எந்தக் காசு தம்பி?" என்றார்.

அவர் நடிக்கவில்லை. விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். தான் கையெழுத்து வைத்தது வீடு விற்பதற்கான பேச்சுவார்த்தைக் கடிதம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். காசு கைமாறியதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்கு அம்மாவில் கோபம் வரவில்லை, என்னில்தான் வந்தது. அந்தக் கையெழுத்து வைத்த அன்று நான் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். "இதில என்ன எழுதியிருக்கு எண்டு விளங்குதா அம்மா" என்று ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் மாதம் பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு, பழைய சைக்கிள் ஒன்றை எடுத்து ஓட வேண்டியதாகிவிட்டது. வேறு வேலையும் ஓடவில்லை. அப்போதுதான் கிழமைக்கு இரண்டு தரம் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். முதலில் காசு பயத்தில்தான் போனேன், அதை மறைக்கவில்லை. மாம்பழக் காலம். அம்மா இரண்டு பழத்தைக் கடதாசியில் சுற்றித் தருவார். மாவுக்குத் தட்டுப்பாடு, சமையல் காஸுக்குத் தட்டுப்பாடு, நான் விறகு கொஞ்சம் கொண்டுபோய்ப் போடுவேன். மூன்றாம் நாலாம் தரம் போனபிறகுதான் அவர் வீட்டைப் பற்றித் தானாகக் கதைக்கத் தொடங்கினார்.

அந்தப் போக்குவரத்தில் நான் கற்றுக்கொண்டதை அப்படியே சொல்கிறேன். காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் போங்கள். சாப்பிட்ட பிறகு போனால் களைப்பு, மாலையானால் ஒரு விதமான குழப்பமும் பயமும் சேர்ந்துகொள்ளும். முதல் நாள் விலை பேசாதீர்கள். ஒரே கேள்வியை இரண்டு வேறு நாள்களில் கேளுங்கள். அம்மா ஒரு நாள் தெளிவாக இருப்பார், இன்னொரு நாள் லண்டன் மகள் போன கிழமை வந்துபோனதாகச் சொல்வார். மகள் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இப்படித் தெளிவு கூடிக் குறைகிறவரிடம் ஒரு நல்ல நாளில் அவசரமாகக் கையெழுத்து வாங்கினால், பிறகு பிள்ளைகளில் ஒருவர் நீதிமன்றம் போனால் உங்களால் பதில் சொல்ல முடியாது. "ஓம்" என்று சொல்வதைச் சம்மதமாக எடுக்காதீர்கள். நம் பெரியவர்கள் வீட்டுக்கு வந்தவருக்கு "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். "என்ன விளங்கினது எண்டு நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்" என்று கேளுங்கள். காது கேட்கிறதா என்று பாருங்கள். அம்மாவுக்கு இடது காது மந்தம், நான் ஆறு மாதமாக அந்தப் பக்கத்தில் இருந்துதான் கதைத்திருக்கிறேன்.

விலையையும் அவரோடு சேர்ந்து பாருங்கள். அம்மாவுக்குக் காணி விலை பற்றிய அறிவு பல வருடத்துக்கு முந்தியது. உண்மைப் பெறுமதியில் பாதிக்கும் குறைவான விலைக்கு, பெறுமதி தெரியாமல் விற்ற ஒருவர் அந்த விற்பனையை நீக்கக் கேட்கலாம் என்று நமது பொதுச் சட்டத்தில் இருக்கிறது. அதற்காக மட்டும் சொல்லவில்லை. பக்கத்து ஒழுங்கையில் என்ன விலை போனது என்று நானே விசாரித்து அவருக்குச் சொன்ன நாளில்தான் அவர் என்னை முதன்முதலாக நம்பினார் என்று நினைக்கிறேன்.

மாஸ்டரிடம் போக எனக்கு இன்னும் ஒரு மாதம் எடுத்தது. அவர் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவார். ஒரு நாள் காலை ஐயாவின் அறையைக் கடந்து போகும்போது குரல் கேட்டது. மாஸ்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மரண அறிவித்தல்கூட விடாமல். நாலு வருடமாக ஒவ்வொரு நாளும் அப்படியாம். நான் எழுப்ப நினைத்த மனிதர்தான் அந்த வீட்டில் ஐயாவோடு கதைக்கிற ஒரே ஆள். வெளியில் நின்று, அவர் முடித்து வரும்வரை காத்திருந்து மன்னிப்புக் கேட்டேன். "கடிதம் அனுப்பினது பிழை மாஸ்டர். நேர வந்து கதைச்சிருக்க வேணும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "45 வருசம் இருந்த இடம் தம்பி. தபால்காரன் கையில வந்து சொன்னா எப்பிடி இருக்கும்?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றினார்கள்.

ஐயாவுக்காக மாஸ்டர் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் சொற்கள்: தண்ணி, நோகுது, வெளிச்சம், ரேடியோ, ஓம், இல்லை. ஐயா இடது கைச் சுட்டுவிரலால் தொடுவார். நான் கேட்டுக்கொண்டதன்பேரில் மாஸ்டர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். "வீட்டை விக்கிறது உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?" விரல் 'இல்லை'யில் போனது. "இந்தத் தம்பியில நம்பிக்கை இல்லையோ?" மறுபடி 'இல்லை'. மாஸ்டர் கொஞ்சம் நிறுத்தினார். "வித்தாப் பிறகு உங்களை எங்கையும் கொண்டுபோய் விட்டிடுவினம் எண்டு பயமோ?" விரல் 'ஓம்' இல் போய் நின்றது. எடுக்கவே இல்லை. வீட்டை விற்றதும் இருவரையும் முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்று மகன் முடிவு செய்து, அம்மாவுக்கே சொல்லாமல், வந்துபோன ஒரு உறவினரோடு ஐயாவின் கட்டிலடியில் வைத்துக் கதைத்திருக்கிறார். பேச்சு வராதவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்திருக்கிறார்கள்.

கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். வீட்டை விற்றபிறகு எங்கே இருக்கப் போகிறீர்கள் என்ற ஒரே கேள்வி. நான் அதைக் கேட்கவில்லை, அது பிள்ளைகளின் பொறுப்பு என்று விட்டுவிட்டேன்.

இதற்குப் பிறகு வழி கிடைத்தது. எனக்குத் தேவை பின் வளவு. முன் வீடு எனக்கு உடனே தேவையில்லை. சட்டத்தரணி சொன்னபடி, முன் வீட்டில் அம்மாவுக்கும் ஐயாவுக்கும் சீவிய உரித்து வைத்து உறுதி எழுதுவது என்று முடிவானது. இருவரும் இருக்கும்வரை அவர்களை ஒருவரும் எழுப்ப முடியாது, பிள்ளைகளும் முடியாது, நானும் முடியாது. நம் ஊரில் பெற்றோர் பிள்ளைக்கு எழுதும்போது சீவிய உரித்து வைப்பது எல்லோருக்கும் தெரியும், விலைக்கு விற்கும்போதும் வைக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மாஸ்டரோடு தனியாக எழுத்தில் ஒரு வாடகை உடன்படிக்கை செய்தோம். பத்தியை இடிக்காமல், அதற்கு அப்பால் அறைகளைக் கட்ட வரைபடத்தை மாற்றினேன். ஆறு அறை நாலாகியது. விலை அதே 1 கோடி 20 லட்சம். மகனுக்குப் போன 20 லட்சத்தை மகனே தாய்க்குத் திருப்ப வேண்டும் என்று லண்டன் மகள் தலையிட்டுக் கதைத்து, 12 லட்சம் வந்தது. மிச்சம் 8 லட்சத்தை நானும் அம்மாவும் பாதிப்பாதியாக விட்டோம். பெற்றோரைப் பார்க்க வேண்டிய கடமை பிள்ளைகளுக்கு இருக்கிறது, 2000 ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் சட்டத்தின்படி அதற்கென்று ஒரு சபையில் பராமரிப்புக் கேட்கவும் வழி உண்டு என்று சட்டத்தரணி அம்மாவுக்குச் சொன்னார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

அம்மாவுக்கென்று வேறு ஒரு சட்டத்தரணியைப் பார்க்கச் சொல்லி, அந்தச் செலவு 25,000 ரூபாயை நான் கொடுத்தேன். என் சட்டத்தரணி என் நன்மையைத்தான் பார்ப்பார். அம்மாவுக்கும் ஒருவர் வேண்டும். அந்தச் சட்டத்தரணி பார்த்துச் சரி என்று சொன்ன உறுதியை நாளைக்கு ஒருவர் வந்து "ஏமாத்தி எழுதினது" என்று சொல்வது கஷ்டம். இந்த 25,000 எனக்கு மிகவும் பிரயோசனமான செலவு.

கையெழுத்து வைக்கிற நாள், 2023 நவம்பர், மழை பெய்து விட்டிருந்தது. நொத்தாரிசு வீட்டுக்கே வந்தார். அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு குடும்ப வைத்தியர் வந்து இருவரையும் பார்த்து, என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கிறார்கள் என்று திகதியும் நேரமும் போட்டு எழுதித் தந்தார். முந்திய கிழமை எடுத்த கடிதம் போதாது, அன்றைக்கே வேண்டும் என்பது சட்டத்தரணியின் கண்டிப்பு. சாட்சிக்கு மாஸ்டரைப் போடலாம் என்று நான் நினைத்தேன். அவருக்கும் அந்த வீட்டில் ஒரு நலன் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லி, இருவரையும் கனகாலமாகத் தெரிந்த அயலவர் இருவரைச் சாட்சியாக்கினார்கள். உறுதியை முழுக்க உரத்து வாசித்தார்கள். சீவிய உரித்து வசனம் வந்ததும் நொத்தாரிசு நிறுத்தி, ஐயாவைப் பார்த்து இரண்டாம் தரம் மெதுவாக வாசித்தார். மாஸ்டர் கலண்டர் தாளைப் பிடித்தார். விரல் 'ஓம்' ஐத் தொட்டது. பிறகு ஐயா தானாகவே இடது கையைப் போர்வைக்கு வெளியில் நீட்டினார். பெருவிரலில் மை பூசும்போது அந்தக் கை நடுங்கியது, ஆனால் இழுக்கவில்லை. மை துடைக்க அம்மா சேலைத் தலைப்பைத்தான் எடுத்தார்.

இனிக் கணக்கு. முத்திரை வரி முதல் 1 லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், எனக்கு 4 லட்சத்து 79 ஆயிரம். இது எப்படியும் வந்திருக்கும். வீணாய்ப் போனது இவை: மகன் விட்ட காசில் என் பங்கு 4 லட்சம். தேவையில்லாத கடிதங்கள், இரண்டாம் உடன்படிக்கை, கூடுதல் சட்டச் செலவு 1 லட்சத்து 85 ஆயிரம். 28 லட்சத்துக்குப் போட்ட கட்டடக் கணக்கு, இரண்டு அறை குறைந்தும் 41 லட்சம். இரண்டு வருட வாடகை வருமானம் இல்லை. இவற்றை விட, அந்த 20 லட்சம் அங்கே முடங்கிக் கிடக்க, 2022 இல் என் மகளின் படிப்புக்குக் கடன் வாங்கினேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

ஐயா 2024 இல் தன் அறையிலேயே காலமானார். அம்மா முன் வீட்டில் இருக்கிறார். பின்னால் எட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள், மாஸ்டர் இரவில் இரண்டு பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார், காசு வாங்குவதில்லை.

போன வருடம் கொக்குவிலில் இன்னொரு வீடு வந்தது. தனியாக இருக்கும் 79 வயது ஐயா ஒருவர், விலையும் நல்ல விலை. தரகரைப் படலையில் நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். வித்தாப் பிறகு எங்கே இருப்பீங்கள் ஐயா என்று கேட்டேன். வவுனியாவில் மகளோடு என்றார். அவரிடமே நம்பரை வாங்கி, அவருக்கு முன்னால் வைத்தே மகளுக்கு எடுத்தேன். வீடு விற்கிற கதையே மகளுக்குத் தெரியாது. போனை ஐயாவின் கையில் கொடுத்துவிட்டு விறாந்தைக்கு வந்து நின்றேன். அரை மணித்தியாலம் கதைத்தார்கள். வெளியில் வந்து, "கொஞ்சம் பொறுங்கோ தம்பி, பிள்ளை தைப்பொங்கலுக்கு வாறாளாம், அப்ப கதைப்பம்" என்றார். சரி ஐயா என்று சொல்லிவிட்டு, அவருடைய கேற்றைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.